மூன்று மிதி

மகாதேவி பிறந்தபோது முதலில் வெளியே வந்தது இடது கால். அறுபத்தெட்டாம் ஆண்டு, கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். வட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோட்டக் கிராமம். மருத்துவிச்சி பயந்துபோய்த் தெரிந்த தெய்வங்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டாளாம். தாயும் பிள்ளையும் உயிரோடு மிஞ்சியதே பெரிய காரியம். ஆனால் ஊர் கணக்கெடுத்தது காலை மட்டுந்தான். காலால் பிறந்த பிள்ளை மிதித்தால் நாரிப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விசயம். நாரி என்றால் முதுகின் அடிப்பக்கம், இடுப்பு தொடங்குகிற இடம். குனிந்து நின்று பிழைக்கிறவர்களின் சீவன் அதற்குள்தான் இருக்கிறது. பிள்ளை நடை பழகி இரண்டு மாதம் ஆகவில்லை, பக்கத்து வளவுக்காரர் ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் குப்புறக் கிடந்துவிட்டார்.

அன்று தொடங்கிய வேலை. ஐம்பத்தாறு வருசமாக நடக்கிறது.

அதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஞாயிறு, செவ்வாய், வெள்ளி காலையில் மட்டும். வருகிறவர் வெறும் வயிற்றோடு வரவேண்டும். இடது காலால் மூன்று தரம் மெல்லத் தொட்டு எடுக்க வேண்டும், நாலாவது கூடாது. காசு வாங்கக்கூடாது. தன்னைவிட மூத்தவர் என்றால் மிதித்த கையோடு குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். கடைசிக் கட்டுப்பாடுதான் பொல்லாதது. எழும்பிப் போகிறவர் “போட்டு வாறன்”, அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லக்கூடாது. வாறன் என்று சொன்னால் நோவும் அவரோடு திரும்பி வரும். போட்டு வாறன் சொல்லாமல் ஒரு வீட்டுப் படலையையும் தாண்டிப் பழகாத ஊரில், சனம் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஏதோ கோபித்துக்கொண்டு போவதுபோல விறுவிறென்று போகும். கனகசபாபதி வாத்தியார் ஒருமுறை பழக்கதோசத்தில் படலையடியில் நின்று, “அப்ப நான் போட்டு வாறன் பிள்ளை,” என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி பாயில் கிடந்தார்.

தொண்ணூற்றைந்தில் யுத்தத்துக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது மகாதேவிக்கு இருபத்தேழு வயது. சைக்கிளில் சாமான்களும் தோளில் தாயுமாக நடந்து வந்தவர்கள் பள்ளிக்கூட விறாந்தைகளில் நாரியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். எப்படியோ கதை பரவிவிட்டது. எந்தக் கிழமை, எந்த நேரம் என்று பார்க்க அங்கே ஆருக்கும் பொறுமை இருக்கவில்லை. ஒரே நாளில் நாற்பது பேரை மிதித்தாள். தன்னுடைய வீடு என்ன ஆயிற்றென்று தெரியாத அந்த மாதங்களில், தன்னிடம் கேட்க ஆட்கள் இருந்தார்கள் என்பதே அவளைப் பிடித்து நிறுத்திய ஒரே விசயம். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஆகவே, போன பங்குனியில் வெங்காயம் கிண்டி எடுத்த நாளில் அவளுடைய நாரியே பிடித்துக்கொண்டபோது, என்ன செய்வதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பனையோலைக் கடகம் நிறைந்த வெங்காயத்தைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி வரம்பில் வைக்கப் போனாள். முதுகின் அடியில் ஏதோ சொடுக்கியது. கடகம் விழுந்தது. மகாதேவி மடிந்த மேனிக்கே நின்றாள். முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது.

“என்னப்பா தேடுறாய்?” என்றார் புருசன் சண்முகநாதன், இரண்டு பாத்தி தள்ளி நின்று.

“தேடேல்லை. பிடிச்சுப்போட்டுது.”

“எது?”

“நாரி.”

“அப்ப உன்ரை இடது காலைக் கழட்டித் தா. நான் மிதிச்சு விடுறன்,” என்றார். பிறகு அவள் அழுவதைக் கண்டு ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

தன் காலால் தன் நாரியை மிதிக்க ஏலாது. காலால் பிறந்த வேறு ஒருவரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் கேள்விப்படவில்லை. இப்போதெல்லாம் பிள்ளை திரும்பிக் கிடந்தால் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அந்த வகையில் அவள்தான் கடைசி ஆள்.

அன்றிரவே ரொறன்ரோவிலிருந்து தம்பி சுதாகரன் போன் எடுத்தான். அவனுக்குப் பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. நாரி நோவைப் பற்றிப் பத்து வருசமாகப் படித்துக்கொண்டிருப்பவன். அக்காவுக்கு ஒன்று என்றால் அவனுக்கு நித்திரை வராது. ஒன்றும் இல்லையென்றாலும் வராது.

“அக்கா, நிலத்திலை பாய் போட்டுப் படுங்கோ. மெத்தை கூடவே கூடாது.”

மறுநாள்: “அக்கா, நிலத்திலை படுக்காதேங்கோ. நான் அனுப்பின வீடியோவைப் பாருங்கோ. நல்ல மெத்தை வேணுமாம்.”

அதற்கு மறுநாள் ஐஸ் வைக்கச் சொன்னான். அதற்கும் மறுநாள் ஐஸ் வைத்தால் நரம்பு இறுகிவிடும், சுடுதண்ணி ஒத்தடம் பிடியுங்கோ என்றான். குனிந்து கால்விரலைத் தொடச் சொல்லி ஒரு வெள்ளைக்காரன் படம் வந்தது. குனியவே வேண்டாம் என்று ஒரு தமிழ் டொக்ரரின் படம் வந்தது. இடுப்பு பெல்ற் ஒன்று பொதியில் வருகிறது, அதுவரைக்கும் அசையாமல் கிடவுங்கோ என்பது கடைசிக் கட்டளை.

மகாதேவி ஒன்றையும் தள்ளவில்லை. காலையில் ஐஸ், பின்னேரம் ஒத்தடம். முன்னிரவு கட்டிலில், விடியப்புறம் பாயில். ஏழு நாள் அசையாமல் கிடந்தாள். எட்டாம் நாள் எழும்ப முயன்றபோது நோ இரண்டு மடங்காக நின்றது. சண்முகநாதன் ஓட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டொக்ரர் பார்த்துவிட்டுப் பயிற்சி தருகிற அறைக்கு அனுப்பினார். அங்கே கீர்த்திகா என்று ஒரு பிள்ளை, முப்பது வயது இருக்கும்.

“அம்மா, தோட்டத்திலை எப்பிடிப் புல்லுப் பிடுங்குறனீங்கள்? ஒருக்காச் செய்து காட்டுங்கோ.”

மகாதேவி முழங்காலை மடிக்காமல் இடுப்பில் முறிந்து கையை நிலத்துக்கு நீட்டப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

“உப்பிடி எவ்வளவு நேரம்?”

“விடிய ஆறு மணி தொடக்கம் மத்தியானச் சோறு மட்டும்.”

“எத்தினை வருசம்?”

“கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம்.”

பிள்ளை எழுதிக்கொண்டாள். “கிடவாதேங்கோ அம்மா. கிடந்ததாலைதான் கூடினது. கொஞ்சம் கொஞ்சமா நடவுங்கோ.”

“ஐஸோ, ஒத்தடமோ?”

“எது சுகமா இருக்கோ அது.”

“நிலமோ, மெத்தையோ?”

“எதிலை நித்திரை வருதோ அதிலை.”

இது மகாதேவிக்குப் பிடிக்கவில்லை. கட்டுப்பாடு இல்லாத வைத்தியம் என்ன வைத்தியம்? மூன்று என்றால் மூன்று, செவ்வாய் என்றால் செவ்வாய் என்று இருக்க வேண்டாமா? “அப்ப எப்ப மாறும் பிள்ளை?” என்று கேட்டாள்.

“அனேகமா எல்லாருக்கும் நாலஞ்சு கிழமையிலை அது தன்ரை பாட்டிலை குறைஞ்சிடும் அம்மா. நாங்கள் அதைக் குழப்பாமல் இருந்தால் சரி.”

தன்ரை பாட்டிலை. அந்த ஒரு சொல் மகாதேவியின் காதுக்குள் போய் வெளியே வராமல் நின்றுகொண்டது. அவளிடம் வருகிறவர்களும் அப்படித்தான். மூன்று செவ்வாய் வருவார்கள், நாலாம் கிழமை சுகமென்று தோட்டத்தில் நிற்பார்கள்.

“அப்ப நான் மிதிச்சது?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

“என்னத்தை மிதிச்சனீங்கள்?”

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை சிரிக்கப்போகிறாள் என்று பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை, பேனையை மேசையில் வைத்தாள்.

“எவ்வளவு பாரம் குடுப்பீங்கள்?”

“பாரம் இல்லைப் பிள்ளை. பூவிலை கால் வைக்கிற மாதிரி.”

“அப்ப சரி. ஆனா இனிமேல் மூண்டு கேள்வி கேட்காமல் காலைத் தூக்காதேங்கோ. கால் சோர்ந்து இழுபடுதோ? இருக்கிற இடம், ரெண்டு துடைக்கும் நடுவிலை, விறைச்சிருக்கோ? சலம் போறதிலை ஏதும் வித்தியாசமோ? இதிலை ஒண்டுக்கு ஓம் எண்டாலும் அது நரம்பு நெரிபடுற விசயம். ஆளைத் தொடாதேங்கோ. அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ. நாளைக்கெண்டு வைச்சால் பிறகு கால் வராது.”

வீட்டுக்கு வந்து மகாதேவி சொன்னபடி நடந்தாள். முதலில் கிணற்றடி வரை, பிறகு சந்தி வரை, பிறகு அம்மன் கோயில் வரை. புல்லுப் பிடுங்கும்போது சின்னப் பலகைக்கட்டையைப் போட்டு அதில் இருந்தாள். அரை மணிக்கு ஒருமுறை எழும்பி நிமிர்ந்து நின்றாள். கடகத்தைப் பாதிதான் நிரப்பினாள். முழங்காலை மடித்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். உடம்பைத் திருப்பாமல் காலைத் திருப்பினாள். ஐந்தாம் கிழமை நோ போய்விட்டது. பொதியில் வந்த பெல்ற்றை சண்முகநாதன் உடுத்திருந்த சாரத்துக்கு மேல் கட்டிக்கொண்டு திரிந்தார்.

நோ போயிற்று, யோசனை போகவில்லை. எது மாற்றியது? நடையா, பலகைக்கட்டையா, தன் பாட்டில் போனதா? தன் பாட்டில் போகிறதென்றால், ஐம்பத்தாறு வருசமாக அவள் கால் என்ன செய்தது? விறாந்தையில் கிடந்த அந்த நாற்பது பேரும் எழும்பி நடந்தது எதனால்? அவர்களில் ஆருக்காவது அந்த மூன்றில் ஒன்று இருந்து, அவள் கேளாமல் மிதித்து அனுப்பியிருந்தால்? இதை நினைத்தபோது மட்டும் கையிலிருந்த உழவாரம் நின்றுவிடும்.

இனி மிதிப்பதில்லை என்று ஒரு நாள் முடிவெடுத்தாள். அடுத்த நாள் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அருளம்பலம் வந்துவிட்டான்.

பின் வளவுக்காரன். லான்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு மிசினில் ஊரின் தோட்டமெல்லாம் உழுகிறவன். ஒரு பக்கம் மனைவி குணலட்சுமி, மறுபக்கம் வேலிக் கதியால் என்று பிடித்துப் பிடித்து வந்தான். வந்ததும் பாயில் குப்புறக் கிடந்தான்.

“கெதியா மிதியுங்கோ அக்கா. நாளைக்கு ஆறு தறைத் தோட்டம் உழவேணும். சனம் தண்ணி விட்டு வைச்சிருக்கு.”

மகாதேவி இடது காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

“கால் ஏதும் இழுபடுதோ தம்பி?”

“இதென்ன அக்கா புதுசா? உங்கடை காலுக்கும் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் குடுக்கவேணுமோ?”

“கேட்டதுக்குச் சொல்லு.”

“கொஞ்சம் சோர்வுதான். மிசின் உலுக்கின உலுக்கு.”

மிச்சம் இரண்டையும் ஒரு ஆம்பிளையிடம் எப்படிக் கேட்பது? காலைக் கீழே வைத்துவிட்டுக் குணலட்சுமியைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். காதுக்குள் கேட்டாள். குணலட்சுமியின் கண் விரிந்தது.

“உங்களுக்கு எப்பிடி அக்கா தெரியும்? நேற்றுப் பின்னேரம் தொடக்கம் சலம் போகேல்லை. முக்கி முக்கிப் பார்க்கிறார். கதிரையிலை இருந்தால் இருக்கிறது தெரியேல்லையாம், பஞ்சிலை இருக்கிற மாதிரிக் கிடக்காம். உங்களிட்டைச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் வந்தவர்.”

மகாதேவி முற்றத்துக்குத் திரும்பி வந்தாள். பாயில் கிடந்த முதுகு காத்துக்கொண்டிருந்தது. மிதித்து அனுப்பினால் அவன் நம்பிக்கொண்டு வீட்டில் கிடப்பான், மூன்று செவ்வாய் பொறுப்பான். மிதிக்காமல் அனுப்பி, ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லையென்று சொல்லிவிட்டால், மகாதேவியின் கால் செத்துப்போச்சு என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஆனால் அவன் போகவேண்டுமே. பயிற்சி தருகிற பிள்ளை சொன்னது என்று சொன்னால் போவானா? போன வருசம் கை முறிந்தபோதே ஆஸ்பத்திரிப் படலையில் நின்று திரும்பி வந்தவன்.

“என்ன அக்கா, கால் நோகுதோ?” என்றான் அருளம்பலம், முகத்தைப் பாயில் வைத்தபடி.

“நான் மிதிக்கேல்லை.”

“ஏன்?”

அவள் வாயிலிருந்து வந்ததை அவள் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. “கால் மாட்டன் எண்டுது,” என்றாள்.

அருளம்பலம் கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்த்தான். முகத்தில் இரத்தமில்லை.

“மாட்டன் எண்டோ?”

“ஓம். ஐம்பத்தாறு வருசத்திலை இண்டைக்குத்தான். உடனை ஆஸ்பத்திரிக்குப் போ எண்டுது. சலம் போகாத கதையை மறைக்காமல் அங்கை சொல்லவேணுமாம்.”

அதற்குப் பிறகு அவன் ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைக்கவில்லை. சண்முகநாதன் சந்திக்கு ஓடி ஓட்டோவோடு வந்தார். ஏற்றும்போது அருளம்பலம் பழக்கத்தில், “அக்கா, போட்டு...” என்று தொடங்கிவிட்டு நிறுத்தினான். மிதிக்காதபோது வாறன் சொல்லலாமா கூடாதா என்று அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அன்று பின்னேரமே அவனுக்கு ஒப்பரேசன் நடந்தது. முள்ளந்தண்டின் இடைத்தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நெரித்துக்கொண்டு நின்றதாம். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சக்கர நாற்காலிதான் என்று டொக்ரர் சொன்னாராம். ஆவணியில் அருளம்பலம் பொல்லோடு நடந்தான், புரட்டாதியில் பொல்லில்லாமல்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் மகாதேவியை மறுபடி குழப்பியது. டொக்ரரைப் பற்றியோ கீர்த்திகாவைப் பற்றியோ ஒருவரும் கதைக்கவில்லை.

“மிதிக்காமலே சொல்லிப்போட்டுதே கால்!”

“ஸ்கானிலை பிறகுதானே தெரிஞ்சது. காலுக்கு முதலே தெரிஞ்சிட்டுது.”

ஐப்பசியில் மானிப்பாயிலிருந்து பஸ் ஏறிச் சனம் வரத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமைகளில் படலையில் ஐந்தாறு சைக்கிள் நிற்கும். சண்முகநாதன், “நான் ஒரு நம்பர் துண்டு குடுக்கட்டோ?” என்று கேட்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகாதேவி கீர்த்திகாவிடம் ஒப்புக்கொண்டாள். “பிள்ளை, நான் பொய் சொல்லிப்போட்டன். நீங்கள் சொன்னதைக் கால் சொன்னதெண்டு சொல்லிப்போட்டன்.”

கீர்த்திகா இந்த முறை சிரித்தாள். “அம்மா, நான் நாளுக்கு இருபது பேருக்கு நடவுங்கோ எண்டு சொல்லுறன். ரெண்டு பேர் நடந்தால் பெரிய விசயம். உங்கடை கால் சொன்னால் எத்தினை பேர் கேட்பினம்?”

அதிலிருந்து கட்டுப்பாடுகள் கூடின. முதலில் மூன்று கேள்வி; பெண்களிடம் அவள் கேட்பாள், ஆண்களிடம் சண்முகநாதன். பிறகு மூன்று மிதி. அதற்குப் பிறகு: “படுத்துக் கிடந்தால் மிதி பலிக்காது. ஒரு மாதத்துக்குக் காலமையும் பின்னேரமும் நடக்கவேணும். பாரம் தூக்கேக்கை முழங்காலை மடியுங்கோ. அரை மணிக்கு மேலை ஒரே குனிவு கூடாது. மீறினால் நான் பொறுப்பில்லை.” சனம் பயபக்தியோடு தலையாட்டியது. கனகசபாபதி வாத்தியார் எழுதியே கொண்டுபோனார்.

இது பொய்யா, மருந்தா? அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னொன்றும் இருந்தது. அன்று அருளம்பலத்தின் முதுகுக்கு மேல் அந்தரத்தில் நின்ற கால் உண்மையாகவே பாரமாக இருந்தது. கேள்வி கேட்க முதலே பாரமாக இருந்ததா, கேட்ட பிறகா? எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி ஞாபகம் வந்தது.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை சுதாகரன் வீடியோவில் வந்தான். முகம் வாடிக் கிடந்தது.

“அக்கா, எனக்கும் பிடிச்சிட்டுது. நாலு நாளா வேலைக்குப் போகேல்லை. சிரிக்காதேங்கோ. போனுக்குள்ளாலை மிதிச்சால் வேலை செய்யுமோ?”

“விசரே உனக்கு?”

“இஞ்சை இப்ப வியாழன் பின்னேரம். ஆனா உங்கடை பக்கம் வெள்ளிதானே? நான் மத்தியானமும் சாப்பிடேல்லை அக்கா.”

அவன் ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருந்தான். மகாதேவி மூன்று கேள்வியையும் கேட்டாள். அங்கே சண்முகநாதனும் இல்லை, குணலட்சுமியும் இல்லை. பொய் சொன்னால் காட்டிக்கொடுக்க ஒருவரும் இல்லை.

“இல்லை. இல்லை. இல்லை. அம்மாவாணை இல்லை அக்கா.”

அவன் கட்டிலில் குப்புறக் கிடந்து போனை நாரியில் வைத்தான். இந்தப் பக்கம் படம் இருண்டது. மகாதேவி தன் போனைப் பாயில் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி உடையாமல் இடது காலால் மூன்று தரம் தொட்டு எடுத்தாள். சண்முகநாதன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பத்து வருசமாக வாறன் வாறன் என்று சொல்லி வராதவன். இப்போது கட்டுப்பாட்டை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டு போனை வைக்கப் போனான். மகாதேவிக்கு அது தாங்கவில்லை.

“நீ சொல்லிப்போட்டு வை,” என்றாள்.

“கூடாதெல்லே அக்கா?”

“பரவாயில்லை. சொல்லு.”

“போட்டு வாறன் அக்கா.”

திங்கட்கிழமை மறுபடி எடுத்தான். நோ அப்படியே இருக்கிறதாம். கால் பிழையா, கண்ணாடிக்குள்ளால் போகாதா, வாறன் சொல்ல வைத்ததுதான் பிழையா என்று மகாதேவி தடுமாறினாள். பிறகுதான் நினைவு வந்தது.

“நடந்தனியோ?”

அந்தப் பக்கம் போர்வை சரசரத்தது.

“சுதா, நடந்தனியோ எண்டு கேட்டனான்.”

“வெளியிலை ஒரே பனி அக்கா. கட்டில்லைதான் கிடந்தனான்.”

“எழும்பு. சப்பாத்தைப் போடு,” என்றாள் மகாதேவி. “போனை வைக்காதை. நீ நடந்து முடிக்குமட்டும் நானும் இஞ்சை முத்தத்திலை நடக்கிறன்.”